பிக்கோலோவுக்கு ஒரு நாற்காலி

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜா தன்னுடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியதிலிருந்து எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சு வரைக்கும் சிம்பொனிப் பேச்சு வந்துவிட்டது. ஊர் தீர்த்தமலை, அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம். மலை மேலே தீர்த்தகிரீஸ்வரர் இருக்கிறார், பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது. மாசித் தேருக்கு ஜனம் குவியும். மற்ற மாதங்களில் வேலை தேடி ஜனம் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகும். நான் பட்டாளத்தில் பேண்டு வாசித்து ரிட்டயரானவன். அதனால் சிம்பொனி பற்றிய சந்தேகங்கள் எல்லாம் என் தலையில்தான் வந்து விழுகின்றன. “எதுக்கு, மிலிட்டரி, அவ்வளவு பேரு? நாலு கீபோர்டு வெச்சா ஆவாதா?” என்று ஒருத்தர். “எல்லாரும் ஒரே பாட்டத்தானே வாசிக்கிறாங்க?” என்று இன்னொருத்தர்.

எல்லோரும் பேசியது எழுதியவரைப் பற்றி. நியாயம்தான். பண்ணைப்புரத்தில் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர், ராயல் பில்ஹார்மானிக் வாசிக்கும்படி நான்கு பகுதி சிம்பொனி எழுதுகிறார் என்றால் பேசத்தான் செய்வார்கள். பேண்டுக்காரனுக்கு வேறு புத்தி. ஆர்கெஸ்ட்ரா படத்தைப் பார்த்தால் என் கண் முதலில் நடுவில் இருக்கும் ஃப்ளூட் வரிசைக்குத்தான் போகும். அதன் ஓரத்தில் கறுப்பாய், ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சமே நீளமான ஒரு குழலை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அது பிக்கோலோ. எண்பது, தொண்ணூறு பேர் உட்காரும் இடத்தில் அதற்குப் பெரும்பாலும் ஒரே நாற்காலிதான். நம்மூர்ப் பிள்ளை ஒன்று சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார இன்றைக்கு வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. எழுதியவருக்கு மாலை போட்டோம். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் அரசே விழாவும் எடுத்தது. வாசிப்பவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃப்ளூட் சுமார் 67 சென்டிமீட்டர், பிக்கோலோ 32. நீளம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். உதட்டுக்கு எதிரே இருக்கும் துளை அவ்வளவு சின்னது என்பதால், உதடு மயிரிழை நகர்ந்தாலும் சுருதி பிசகும். ஆர்கெஸ்ட்ராவிலேயே உயரத்தில் ஒலிக்கும் வாத்தியம் இது. அதனால் தப்பை மறைக்க இடம் கிடையாது. இரண்டாம் வயலின் வரிசையில் ஒருவர் ஒரு ஸ்வரத்தை விட்டால் பக்கத்தில் இருப்பவர்களின் வில் மூடிவிடும். பிக்கோலோ தப்பினால் கடைசி வரிசையில் தூங்குகிறவரும் எழுந்துகொள்வார். பேத்தோவனின் 5-ஆம் சிம்பொனி 1808-இல் வியன்னாவில் அரங்கேறியபோது பிக்கோலோ கடைசிப் பகுதியில்தான் வாயைத் திறந்தது. சாய்கோவ்ஸ்கியின் 4-ஆம் சிம்பொனி இன்னும் மோசம். முதல் இரண்டு பகுதியும் கைகட்டிச் சும்மா உட்கார வேண்டும். குழல் குளிர்ந்துபோகும், உதடு காய்ந்துபோகும். மூன்றாம் பகுதியில் வயலின்காரர்கள் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டிக்கொண்டே வருவார்கள். அங்கே சில விநாடிகள் மட்டும் பிக்கோலோவுக்கு மின்னல் வேகத்தில் ஒரு துண்டு வரும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்தத் துண்டைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். பல நாடுகளில் முதல் சுற்றில் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா என்று தெரியக்கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. நம்மூர் இன்டர்வியூக்களிலும் கட்டலாம் அந்தத் திரையை.

இப்படி ஒரு வேலைக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்? பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் ஃப்ளூட் கலைஞர் ஜேம்ஸ் கால்வே 1939-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஃப்ளூட் பேண்டு உண்டு. கப்பல் பட்டறையில் வேலை செய்பவர்களும் மில்லுக்குப் போகிறவர்களும் மாலையில் கூடி வாசிப்பார்கள். அங்கே வாசித்துப் பழகி, சிறுவனாக உள்ளூர்ப் போட்டிகளில் பரிசு வாங்கி, பிறகு லண்டனுக்குப் படிக்கப் போனார். நம்முடைய சிம்பொனியை வாசித்த அதே ராயல் பில்ஹார்மானிக்கில் ஒரு காலத்தில் முதல் ஃப்ளூட் அவர். 1969 முதல் 1975 வரை கண்டக்டர் காராயனின் கீழ் பெர்லின் பில்ஹார்மானிக்கில் முதல் ஃப்ளூட். அப்புறம்தான் உலகம் சுற்றிய தனிக் கச்சேரி, ‘சர்’ பட்டம் எல்லாம். அவருக்கு அபூர்வ வாய் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒரு பேண்டும் இருந்தது. இரண்டாவது இல்லாமல் முதலாவது வெளியே தெரிந்திருக்காது.

எங்கள் பக்கத்திலும் தெருவில் இசை இல்லாமல் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. கூத்தில் முகவீணை வாசிப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? நாகசுரத்தின் குட்டி மாதிரி இருக்கும். விடிய விடிய மிருதங்கத்தையும் தாளத்தையும் கட்டியக்காரன் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு மேலே போகும். என் தாய்மாமன் முகவீணைக்காரர். மூச்சை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், கன்னத்திலிருந்து அல்ல என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். பல வருஷம் கழித்து மத்தியப் பிரதேசத்தில் பச்மடி மலையில் ராணுவ இசைப் பயிற்சிப் பிரிவில் ஓர் உஸ்தாத் இதையே இந்தியில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மொரப்பூரில் ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போன எனக்குப் பேண்டு என்று ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. ட்ரெயினிங் சென்டரில் யாருக்காவது வாத்தியம் தெரியுமா என்று கேட்டார்கள். கையைத் தூக்கினேன். மூங்கில் குழலில் இரண்டு சினிமாப் பாட்டு வாசித்தேன். சாவி வைத்த ஃப்ளூட் ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். பழைய பிரிட்டிஷ் மார்ச் பார்ட்டுகளில் பிக்கோலோ ‘டி ஃப்ளாட்’டில் எழுதியிருக்கும். எங்கள் கையில் இருந்ததோ ‘சி’ பிக்கோலோ. கண் ஒன்றைப் படிக்க, விரல் அரைச் சுருதி தள்ளி வேறொன்றை வாசிக்க வேண்டும். அதையும் நடந்துகொண்டே. முன்னால் கிளிப்பில் மாட்டிய நோட்டேஷன் அட்டை காற்றில் ஆடும். ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சௌக்கில் ‘பீட்டிங் ரிட்ரீட்’ மாலையில் விரல் மரத்து, சாவியின் மேல் இருப்பது என் விரல்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். குழலை வலப்பக்கமாய்ப் பிடிப்பதால் பிக்கோலோக்காரனுக்கு வலது காது முதலில் போகும். எனக்கும் கொஞ்சம் மந்தம்தான். வீட்டில் கூப்பிடுவது காதில் விழாததற்கு அது நல்ல சாக்கு. போர் வந்தால் பேண்டுக்காரர்கள் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்க வேண்டும். அந்தப் பயிற்சியும் உண்டு.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம், மேற்கத்திய ஃப்ளூட்டும் பிக்கோலோவும் வாசிப்பவனுக்கு இந்த நாட்டில் மாதச் சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் தரும் முதலாளி கிட்டத்தட்ட ஒருவர்தான் என்பதைக் காட்ட. அவர் சீருடைக்காரர். ராணுவம், கடற்படை, விமானப்படை, போலீஸ். மும்பையில் என்.சி.பி.ஏ. அமைப்பு 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. நல்ல ஆர்கெஸ்ட்ரா. ஆனால் அதை ஆரம்பிப்பதற்கே கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராட் பிசென்கலியெவ் வர வேண்டியிருந்தது. இன்றைக்கும் கச்சேரி நடத்த வெளிநாட்டு வாத்தியக்காரர்கள் வந்தாக வேண்டும். காற்று வாத்தியம் வாசிக்க உள்ளூரில் ஆள் விளையாததைத்தான் இது காட்டுகிறது.

விளைந்த காலம் ஒன்று இருந்தது. 1952-இல் அகில இந்திய வானொலி டெல்லியில் ‘வாத்திய விருந்தா’ என்று ஓர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியது. ரவிசங்கர் அதை நடத்தினார். பிறகு அதே பொறுப்பில் ஒரு புல்லாங்குழல்காரர் வந்தார், பன்னாலால் கோஷ். மேடைக் கச்சேரிக்கு ஏற்ற நீண்ட மூங்கில் பான்சுரியை நிலைநிறுத்தியவர் அவர். ஹரிபிரசாத் சௌராசியா பயில்வான் வீட்டுப் பிள்ளை, டைப்பிங் வேலையில் இருந்தவர். 1957-இல் கட்டாக் வானொலியில் குழல் வாசிக்கச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அவர் டைப்ரைட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். 1988-இல் இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் வாசித்தவரும் அவர்தான். சென்னை வானொலியிலும் நிலைய வித்வான்கள் இருந்தார்கள். மாதச் சம்பளம் வாங்கும் வித்வான்கள். அவர்கள் ஒவ்வொருவராய் ஓய்வு பெற்றார்கள், இடங்கள் நிரப்பப்படவில்லை. யாரும் போராட்டம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. சத்தமில்லாமல் நாற்காலிகளை எடுத்து மடக்கிவிட்டார்கள்.

இன்னொரு முதலாளி சினிமா. எம்.எஸ்.வி. காலத்தில் நஞ்சப்பா, ராஜா சார் கூட்டத்தில் சுதாகர், பாடகர் அருண்மொழியாகவும் நமக்குத் தெரிந்த நெப்போலியன், ‘பம்பாய்’ படத்துத் தீம் இசையில் வாசித்த நவீன் என்று, தமிழ்நாட்டுக் காதுகளில் பதிந்த குழல் எல்லாம் ரெக்கார்டிங் தியேட்டரில் பிறந்தவை. ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து, பேப்பரைப் பார்த்து, ஒரே டேக்கில் வாசித்த காலம் அது. அங்கே காலையில் போய் மாலையில் காசோடு திரும்பினார்கள். நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவனுக்கு மரியாதை இருந்தது. 90-களில் சிந்தசைசரும், ஆள் ஆளாய்த் தனியே பதிவு செய்யும் முறையும் வந்தபின் அந்தக் கூடம் கலைந்தது. இசையமைப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு நடப்பதைப் பாருங்கள். பெரிய படங்களுக்கு நிஜமான ஆர்கெஸ்ட்ரா வேண்டுமென்று திரும்பவும் ஆசை வந்திருக்கிறது, பட்ஜெட்டும் இருக்கிறது. அந்தப் பணம் எங்கே போகிறது? ஹங்கேரியின் புடாபெஸ்டுக்கும் வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேவுக்கும். இங்கே ஸ்டுடியோவில் உட்கார்ந்து இணையம் வழியாகக் கேட்டுக்கொண்டே அங்கே வாசிக்கிறவர்களுக்குத் திருத்தம் சொல்கிறார்கள். சென்னையில் வயலின், செல்லோ வாசிக்க நல்ல கூட்டம் இருக்கிறது. ஓபோ, பசூன், பிரெஞ்சு ஹார்ன், பிக்கோலோ என்று எண்ணிக்கொண்டு வந்தால்தான் விரல் மடங்காமல் நிற்கும். தமிழ்ப் படத்துக்கு வாசிக்கிற கூலி வெளியே போவதில் எனக்கு வருத்தம் உண்டு. அங்கே வாசிப்பவர் மேல் பொறாமை இல்லை. அவர்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தாய் வந்தார். மகள் எட்டாவது படிக்கிறாள், தேர்த் திருவிழாவில் வாங்கிய மூங்கில் குழலில் கேட்டதையெல்லாம் வாசிக்கிறாள். “அண்ணா, இவ இந்த சிம்பொனியில வாசிக்கணும்னா என்னா படிக்கணும்?” என்று கேட்டார். அந்தப் பெண்ணை வாசிக்கச் சொன்னேன். மூச்சு நீளமாக இருக்கிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஊதுவதைப் பலமாக்காமல் உதட்டைத்தான் குவிக்கிறாள். யாரும் சொல்லாமல் அது வருவது அபூர்வம். பிறகு வழியைச் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம்தான், குழல் இல்லை. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாய்ச் சொல்லித்தரும் ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’வும் இருக்கிறது, கையெடுத்துக் கும்பிட வேண்டிய முயற்சி. ஆனால் அது சென்னைப் பிள்ளைக்கு. தரமான ஆரம்ப நிலை ஃப்ளூட் ஒன்றை வாங்கவே பெரிய தொகை வேண்டும். டிரினிட்டி இசைக் கிரேடு பரீட்சைக்குத் தனிக் கட்டணம். ஆசிரியர் யார், அரூரில்?

வேலைக்கு அறிவிப்பு இல்லாமல் இல்லை. விமானப்படை ‘அக்னிவீர்வாயு’ இசைக்கலைஞர் தேர்வு நடத்துகிறது. வாத்தியப் பட்டியலில் ‘கான்சர்ட் ஃப்ளூட் / பிக்கோலோ’ என்று அச்சிட்டே வருகிறது. பத்தாவது தேறியிருந்தால் போதும், பெண்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். என் காலத்தில் கையைத் தூக்கினால் வாத்தியத்தைக் கொடுத்து அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்குத் தயாராய் வா என்கிறார்கள். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் வேலை நான்கு வருஷம். அதன் பிறகு நூற்றில் இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரம். நான்கு வருஷத்தில் பிக்கோலோக்காரர் உருவாக மாட்டார். நான்கு வருஷத்தில் உதடு நிலைக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு ஆட்சேபம் வரும், எனக்குத் தெரியும். மூங்கில் குழல் நம்முடையது, சரப சாஸ்திரியும் பல்லடம் சஞ்சீவ ராவும் மாலியும் ரமணியும் வளர்த்தது, அதை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் வாத்தியம் எதற்கு என்று. மாலியை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவன் நான், என்னிடம் சொல்ல வேண்டாம். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்து பொருள் சொல்கிறார். உலோகமும் கறுப்பு மரமும் நமக்குப் புதிதல்ல. என் பிக்கோலோ ஆப்பிரிக்கக் கறுப்பு மரத்தால் ஆனது. சித்திரை வெயிலில் வெடித்துவிடுமோ என்று ஈரத்துணியோடு டப்பாவில் வைத்துக் காக்கிறேன். வயலினும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான். அதை அரசு இசைப்பள்ளியில் சொல்லித்தருவதை யாரும் தவறென்று சொல்வதில்லை. எதையும் விட வேண்டாம். முகவீணையோடு, மூங்கிலோடு, இதுவும் ஒரு பிழைப்பாக இருக்கட்டும் என்கிறேன். பிழைப்பு என்ற சொல்லைக் கலை பற்றிய பேச்சில் போட்டால் சிலருக்குச் சங்கடம். எனக்கு இல்லை. மாதம் முதல் தேதி சம்பளம் வந்ததால்தான் நான் தினமும் நீளமான ஒற்றை ஸ்வரங்களை ஊதிப் பழக முடிந்தது.

அரசு செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. 2012-இல் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, இசை என்று மாதம் 5,000 ரூபாயில் ஆரம்பித்த வேலை. நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் தெருவில் நிற்கிறார்கள். அந்தக் கோரிக்கையை முதலில் தீர்க்க வேண்டும். அதோடு சேர்த்து ஒன்று செய்யலாம். ராணுவப் பேண்டிலிருந்து நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெறும் தமிழர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஸ்டாஃப் நோட்டேஷன் தண்ணீர் பட்ட பாடாய்ப் படிப்பார்கள். நாற்பது பேரை ஒரு தாளத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பென்ஷன் இருப்பதால் பெரிய சம்பளம் வேண்டாம். வட்டத்துக்கு ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு காற்று வாத்தியப் பேண்டு, நூலகப் புத்தகம் போல் வீட்டுக்கு எடுத்துப்போக இருபது வாத்தியம், வாரத்தில் இரண்டு வகுப்பு. மாவட்ட ஆயுதப்படை போலீஸ் பேண்டு சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டும் வெளியே வராமல் மாதம் ஒரு தடவை இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கட்டும். வானொலியில் காலியாய்க் கிடக்கும் இடங்களைப் பற்றி எம்.பி.க்கள் டெல்லியில் ஒரு கேள்வியாவது கேட்கட்டும். சினிமாத் துறை புடாபெஸ்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு துளியைச் சென்னையில் ஒரு காற்று வாத்தியப் பயிற்சிக்குப் போட்டால் பத்து வருஷத்தில் டாலர் மிச்சம்.

ஆள் எங்கே கிடைப்பார்கள் என்று அதிகாரிகள் கேட்பார்கள். அரூரிலேயே ஆரம்பிக்கலாம். அங்கே ஒரு வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர், இருபது வருஷத்துக்கு மேல் கிளாரினெட் வாசித்த ஹவில்தார். மூன்று மார்ச்சுகளைத் தானே அரேஞ்ச் செய்தவர். இப்போது டோக்கன் கிழித்துத் தருகிறார், வரிசையில் நிற்கச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க வருவீர்களா என்று கேட்டேன். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கிக்கு லீவு, அன்றைக்கு வருகிறேன், ஆனால் கிளாரினெட்டின் நாணல் ரீடுக்குக் காசு யார் தருவார்கள் என்று கேட்டார்.